ஒரே பெயரில் மூன்று ரேக்

தக்கலையிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். பாடத்தில் ‘ரேக் ஆங்கிள்’ வருகிறது. நாளிதழைப் பிரித்தால் ‘ரேக் பற்றாக்குறை, சிறப்பு ரயில் இல்லை’ என்று செய்தி. வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கிய கருவியின் அட்டைப்பெட்டியில் ‘கார்டன் ரேக்’. சரி, அகராதியைப் பார்ப்போம் என்று புரட்டினால் ‘ஒழுக்கங்கெட்டவன்’ என்று ஒரு பொருள். “எல்லாம் அந்தப் பல் வைத்த கருவியிலிருந்து பிறந்தவைதானா? ரயிலுக்கும் சருகு வாருவதற்கும் என்ன சம்பந்தம்?” என்கிறார்.

ரயிலுக்கும் சருகுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆங்கிலத்தில் ‘ரேக்’ என்பது ஒரே எழுத்துக்கூட்டலில் வாழும் குறைந்தது மூன்று தனித்தனிச் சொற்கள். நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று ராஜன் இருந்தால் விளைப்பெயரைச் சேர்த்துச் சொன்னால்தானே ஆள் தெரியும், அப்படித்தான் இதுவும். முதல் ரேக் கருவி. இரண்டாவது, வரிசை அல்லது தடம். மூன்றாவது, சாய்வு. அகராதிக்காரர்கள் இவற்றுக்கு 1, 2, 3 என்று மேலே சின்ன எண் போட்டுத் தனித்தனிப் பதிவாகத் தருவார்கள். நாம் அந்த எண்ணைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒழுக்கங்கெட்டவர் எந்தக் குடும்பம் என்பதைப் பிறகு பார்க்கலாம், அவர் கதை கொஞ்சம் சிக்கல்.

முதலில் கருவி. நீண்ட பிடி, அதன் முனையில் குறுக்காக ஒரு சட்டம், சட்டத்தில் பற்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ராக்கா’. ஜெர்மன் மொழியில் இன்றும் இதே கருவிக்கு ‘ரெகன்’ என்றுதான் பெயர். கோத்திக் என்ற அழிந்துபோன ஜெர்மானிய மொழியில் இதை ஒட்டிய வினைச்சொல்லுக்குக் ‘குவித்தல்’ என்று பொருள். வாருவதும் குவிப்பதும்தான் இந்தச் சொல்லின் உயிர் என்பதற்கு அது போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கருவி பெரிதாகப் புழங்கியதில்லை. ஈர்க்குச்சி வாரியலே விளையில் பாதி வேலையைச் செய்துவிடும், மீதிக்கு மண்வெட்டி. ஆனால் பல் இல்லாத ஒரு தம்பி நம்மிடம் இருக்கிறான். புத்தளம், சாமிதோப்பு பக்கம் உப்பளங்களில் கோடைக்காலத்தில் பாருங்கள். நீண்ட கம்பின் முனையில் குறுக்கே ஒரு பலகை. தொழிலாளி பாத்தியின் வரப்பில் நின்று, அந்தப் பலகையைத் தண்ணீருக்குள் தள்ளி, அடியில் படிந்த உப்புக் கல்லை மெல்லத் தன் பக்கம் இழுப்பார். அழுத்தி இழுத்தால் அடிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும், அழுத்தாமல் இழுத்தால் பாதி உப்பு பாத்தியிலேயே கிடக்கும். அந்த அழுத்தம் கைப்பழக்கத்தில் வருவது. இதற்கும் ஆங்கிலத்தில் ரேக் என்றுதான் பெயர், பல் இல்லாவிட்டாலும். கரீபியன் பகுதியில் டர்க்ஸ் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக உப்பு வாரியவர்களை ‘சால்ட் ரேக்கர்’ என்றே அழைத்தார்கள். ஆகவே பல் முக்கியமில்லை, வாருவதுதான் முக்கியம்.

இதைப் பிடித்துக்கொண்டால் கருவிக் குடும்பத்தின் மற்ற பொருள்கள் தாமே வழிக்கு வந்துவிடும். நமக்கும் ‘வாரு’ என்ற வினை கையில் இருப்பதால் இது எளிது. தலை வாருகிறோம், உப்பு வாருகிறோம், பணத்தை வாரிக் குவிக்கிறோம், கடன்காரன் வீட்டை வாரிக்கொண்டு போகிறான். ஆங்கிலத்திலும் ஒருவன் பணத்தை ‘ரேக் இன்’ செய்தான் என்றால் வாரிக் குவித்தான் என்று பொருள். சூதாட்ட விடுதிகளில் மேசைக்காரர் ஒரு நீண்ட கோலால் தோற்றவர்களின் வில்லைகளை இழுத்துச் சேர்ப்பார், அந்தக் கோலின் பெயரும் ரேக். போக்கர் ஆட்டத்தில் ஒவ்வொரு கை முடிந்ததும் விடுதி தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்குக்கும் ரேக் என்றே பெயர். யார் ஜெயித்தாலும் விடுதிக்கு அந்தப் பங்கு உண்டு. சூதாட்டத்தில் எப்போதும் தோற்காத ஒரே ஆள் யார் என்பதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கருவி மெலிந்த குச்சியில் ஆனது என்பதால் ஒல்லியானவரையும் ரேக் போல என்பார்கள். இது புதிய வழக்கு என்று நினைக்க வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டில் சாஸர் என்ற கவிஞர் ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவரின் குதிரையை வர்ணிக்கும்போதே இந்த உவமையைக் கையாண்டிருக்கிறார். ஏழை மாணவர், காசு கிடைத்தால் புத்தகம் வாங்குகிறவர், அவருடைய குதிரைக்கு எங்கே புல் கிடைத்திருக்கும்!

கடற்போரில் வரும் ‘ரேக்’ இன்னும் கொடியது. குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை முறியடித்த கதையை நாம் கரையிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். கடலில் நின்ற அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களின் அமைப்பை யோசித்துப் பார்ப்பதில்லை. பீரங்கிகள் எல்லாம் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும். பக்கச் சுவர்கள் தடித்த மரம். ஆனால் கப்பலின் பின்புறத்தில் தலைவரின் அறை, அதற்குப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள், அங்கே தடுப்பு கிடையாது. எதிரிக் கப்பலின் பின்னால் குறுக்காகக் கடந்துபோய்ப் பக்கப் பீரங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தால், குண்டுகள் பின்புறம் நுழைந்து முன்புறம் வரை தளம் முழுவதையும் வாரிக்கொண்டு போகும். இதைத்தான் ‘ரேக்’ செய்வது என்றார்கள். 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் விக்டரி கப்பல், பிரெஞ்சுத் தலைமைக் கப்பலான புசாந்தோரை அப்படித்தான் பின்புறத்திலிருந்து பிளந்தது. பிற்காலத்தில் இயந்திரத் துப்பாக்கியால் இடவலமாகச் சுட்டுத் தள்ளுவதற்கும் இந்த வினையே போய்ச் சேர்ந்தது.

பத்திரிகைக்காரர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘மக்ரேக்கர்’ என்றால் சாணம் வாருகிறவர். ஜான் பன்யன் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய சமய உருவகக் கதையில் ஒரு மனிதன் வருகிறான். கையில் சாணம் வாரும் ரேக். தலைக்கு மேல் ஒருவர் பொற்கிரீடத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார், இவன் நிமிர்ந்து பார்க்காமல் கீழே கிடக்கும் குப்பையையே வாரிக்கொண்டிருக்கிறான். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906-இல் ஒரு சொற்பொழிவில் இந்த மனிதனை எடுத்துக்காட்டி, ஊழல்களைக் கிளறும் பத்திரிகையாளர்களை ஒரு குட்டு குட்டினார். வேண்டியதுதான் என்றும் சொன்னார், நிமிர்ந்தும் பாருங்கள் என்றும் சொன்னார். பத்திரிகையாளர்களோ வசவையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில்தான் ஐடா டார்பெல் என்ற பெண்மணி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் உள்விவகாரங்களை ஆவணங்களிலிருந்து தோண்டி எழுதியிருந்தார். 1911-இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. குப்பையைக் கிளறினால் சில நேரம் வீடு சுத்தமாகிறது, ரூஸ்வெல்ட் என்ன சொன்னாலும்.

எனக்குப் பிடித்த ரேக் கதை இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்துடையது. அங்குள்ளவர்களுக்கு ‘மூன்ரேக்கர்’, அதாவது நிலாவை வாருகிறவர்கள் என்று பட்டப்பெயர். கதை இது. ஊர்க்காரர்கள் சிலர் வரி கட்டாமல் கடத்தி வந்த பிராந்திப் பீப்பாய்களைக் குளத்தில் ஒளித்து வைத்தார்கள். ஒரு நிலவு இரவில் ரேக்கை விட்டுப் பீப்பாயை இழுத்துக்கொண்டிருந்தபோது சுங்க அதிகாரிகள் வந்து நின்றுவிட்டார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதும், தண்ணீரில் தெரிந்த நிலாவைக் காட்டி, “அந்தப் பாலாடைக்கட்டியை எடுக்கப் பார்க்கிறோம், ஐயா” என்றார்களாம். இவ்வளவு முட்டாள்களா என்று சிரித்துக்கொண்டே அதிகாரிகள் போய்விட்டார்கள். வெளியூர்க்காரர்கள் இந்தக் கதையை வில்ட்ஷயர்க்காரர் மடையர் என்பதற்குச் சொல்வார்கள், வில்ட்ஷயர்க்காரர்கள் அதே கதையைச் சுங்க அதிகாரிகள் மடையர் என்பதற்குச் சொல்வார்கள்.

கருவிக் குடும்பம் இவ்வளவு போதும். இனி ரயில்.

இரண்டாவது ரேக்கின் வேர் பழைய நார்ஸ் மொழியின் ‘ராக்’ என்ற சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. அதற்குக் கோடு, கீற்று என்று பொருள். வைக்கிங்குகள் குடியேறிய வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது வட்டார வழக்கில் தங்கிவிட்டது. மலைச்சரிவில் ஏறும் ஒடுங்கிய தடம் ஒரு ரேக். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ‘ஜாக்ஸ் ரேக்’, ‘லார்ட்ஸ் ரேக்’ என்று மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்த தடங்கள் இன்றும் உண்டு. பாறைக்குள் நீளக் கோடாக ஓடும் ஈயத் தாது ஒரு ரேக், டெர்பிஷயரில் ‘டர்ட்லோ ரேக்’ என்ற பழைய சுரங்கத் தடம் அப்படிப் பெயர் பெற்றது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வண்டிகளின் வரிசையும் ஒரு ரேக். நிலக்கரியும் ரயிலும் பிறந்த நாடு அதுதான் என்பதால், அங்கே பேசிய சொல் ரயில்வேக்குள் ஏறிவிட்டது. காலப்போக்கில் கருவி ரேக்கும் இந்த ரேக்கும் ஓரளவு ஒன்றோடொன்று கலந்தன என்பதும் உண்மை. அதற்காக ரயில் சருகிலிருந்து வந்துவிடாது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்திய ரயில்வேக்கு வந்த சொல் இங்கே ஊன்றிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இல் ரயில் வந்தபோது நம் மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன் பொருள் துல்லியமானது: இன்ஜினை நீக்கிவிட்டு மிச்சமிருக்கும் பெட்டிகளின் கோவை. இன்ஜின் வழியில் மாறலாம், ஓட்டுநர் மாறுவார், ரயிலின் எண்கூடத் திரும்பும்போது மாறும். அந்தப் பெட்டிக் கோவை மாறாது. அதுதான் ரேக்.

இதை விளங்கிக்கொண்டால் செய்திகள் பாதி புரிந்துவிடும். ஒரு ரயில் நாகர்கோவிலுக்கு நான்கு மணி நேரம் தாமதமாக வருகிறது. மாலையில் கிளம்ப வேண்டிய வேறொரு ரயிலும் தாமதமாகிறது. நடைமேடையில் நிற்கிறவர் ‘எங்கேயோ வந்த ரயிலுக்கும் என் ரயிலுக்கும் என்ன’ என்று எரிச்சல்படுவார். இரண்டும் ஒரே ரேக். வந்த பெட்டிகளைப் பராமரிப்புத் தடத்துக்குத் தள்ளி, கழுவி, தண்ணீர் நிரப்பி, பிரேக்கைச் சோதித்து, அதே பெட்டிகளைத்தான் வேறு எண்ணில் அனுப்ப வேண்டும். பராமரிப்புத் தடம் என்று சொன்னேனே, தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் இறங்கி அடிப்பக்கத்தைப் பார்க்கும்படி குழி வெட்டிய தடம், ‘பிட் லைன்’ என்பார்கள். புதிய ரயில் கேட்டு மனுக்கொடுக்கும்போதெல்லாம் ரேக் இல்லை, பிட் லைன் இல்லை என்று ரயில்வே சொல்லும் பதில் சாக்குப்போக்காகவும் இருக்கலாம், ஆனால் அதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்குக்குக் கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில், 4,000 கிலோமீட்டருக்கு மேல், அசாம் போய்ச்சேர மூன்று நாளுக்கு மேல் ஆகும். போக மூன்று நாள், அங்கே பராமரிப்பு, திரும்ப மூன்று நாள், இங்கே பராமரிப்பு. ஆக ஒரு ரேக் கன்னியாகுமரியை விட்டுக் கிளம்பினால் திரும்பவும் இங்கிருந்து கிளம்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடுகிறது. வாரம் ஒருமுறை ஓட்ட ஒன்றிரண்டு ரேக் போதும். தினமும் ஓட்ட வேண்டுமானால் ஏழெட்டு ரேக் ஒரே நேரத்தில் இந்தியாவின் நீளத்தில் எங்காவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘ஒரு ரயில்தானே, தினமும் விட்டால் என்ன’ என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: அட்டவணையில் அது ஒரு ரயில், பராமரிப்புத் தடத்தில் ஏழெட்டு ரயில்.

சரக்கு ரயிலில் ரேக் என்பது ஓர் அளவாகவே ஆகிவிட்டது. ரேஷன் அரிசி ஒரு ரேக் வந்தது, உரம் அரை ரேக் வந்தது என்று பேசுவார்கள். மூடிய பிசிஎன் வகை வேகனில் 42 சேர்ந்தால் ஒரு முழு ரேக். நாகர்கோவிலுக்கு 2,600 டன் அரிசி வந்தது என்று அவ்வப்போது செய்தி வருமே, 42 வேகன், வேகனுக்கு அறுபத்துச் சில்லறை டன் என்று பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

சென்னை - நாகர்கோவில் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31 அன்று ஓடத் தொடங்கியபோது, அதில் தனி இன்ஜினே இல்லையே, அதையும் ரேக் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். சொல்கிறார்கள். அதில் இழுவை மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருப்பதால் பிரித்தெடுக்க இன்ஜின் இல்லை, ஆகவே முழுத் தொடரும் ரேக்தான். பழைய இலக்கணத்தைப் புதிய வண்டி கொஞ்சம் நெகிழ்த்திவிட்டது, அவ்வளவே.

இனி மூன்றாவது, சாய்வு. உங்கள் மகனுக்கு வேண்டியது இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல்காரர்களிடம் இந்தச் சொல் தெரியவருகிறது. முதலில் கப்பலின் முன்முனையும் பின்முனையும் அடிக்கட்டைக்கு அப்பால் எவ்வளவு தூரம் சாய்ந்து நீண்டிருக்கின்றன என்பதற்கு. பிறகு பாய்மரத்தின் சாய்வுக்கு. இதன் வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்தில் இல்லை, ஜெர்மன் மொழியில் ‘நீட்டிக்கொண்டு நிற்பது’ என்ற பொருளுடைய ‘ராகன்’ என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கருவியோடு உறவு கிடையாது. குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ கரையேற்றிய வள்ளத்தின் அணியத்தை, அதாவது முன்முனையை, பக்கவாட்டிலிருந்து பாருங்கள், செங்குத்தாக நிற்காமல் அலையை நோக்கி முன்னே சாய்ந்து எழும். அந்தச் சாய்வுதான் ரேக்.

கப்பலிலிருந்து நாடக மேடைக்குப் போனது. பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடைத்தளம் பின்பக்கம் உயர்ந்து பார்வையாளரை நோக்கிச் சரிந்திருக்கும். பின்பகுதியை மேல்மேடை, முன்பகுதியைக் கீழ்மேடை என்று சொன்னதும் அதனால்தான். பின்னால் உயரத்தில் நிற்கும் நடிகர் பேசினால், முன்னால் நிற்பவர் அவர் பக்கம் திரும்பி, பார்வையாளருக்கு முதுகைக் காட்ட நேரும். ஒருவர் கவனத்தை மற்றவர் பறித்துக்கொள்வதை ‘அப்ஸ்டேஜ்’ செய்வது என்பது இப்படி வந்தது. இப்போது மேடை சமதளமாகிவிட்டது, சரிவு பார்வையாளர் பக்கம் போய்விட்டது. திரையரங்கில் பின்வரிசை உயர்ந்திருப்பதும் ரேக்தான். ஓட்டு வீட்டு முகப்பின் முக்கோணத்தில் சரிந்து இறங்கும் விளிம்பை அமெரிக்கக் கட்டடக்காரர்கள் ரேக் என்பார்கள்.

பட்டறைக்கு வருவோம். லேத்தில் வேலைப்பொருள் சுற்றுகிறது. கருவியின் முனை அதில் பதிகிறது. சீவல் சுருண்டு கருவியின் மேல்முகத்தின் வழியாக வழுக்கிப் போகிறது. அந்த மேல்முகத்துக்கு ‘ரேக் முகம்’ என்று பெயர், அதன் சாய்வு ரேக் கோணம். வெட்டும் விளிம்பிலிருந்து பின்னோக்கி மேல்முகம் கீழே சரிந்தால் நேர்க்குறி. மட்டமாக இருந்தால் சுழி. பின்னோக்கி மேலே ஏறினால் எதிர்க்குறி. பையன்கள் இதில்தான் தடுமாறுவார்கள், ஏனென்றால் ‘சரிவது நேர்க்குறியா’ என்று மனம் முரண்டு பிடிக்கும். தச்சரின் இழைப்புளியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பலகையோடு 45 பாகையில் கத்தி படுத்திருக்கிறது. செங்குத்திலிருந்து கணக்கிட்டால் அதன் ரேக்கும் 45 பாகை, நேர்க்குறி. அதனால்தான் மரச்சீவல் அவ்வளவு ஒய்யாரமாகச் சுருண்டு வருகிறது. அதே கத்தியைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் இழைப்பு நின்றுபோய்ச் சுரண்டலாகிவிடும், ரேக் சுழியாகிவிட்டது.

நேர்க்குறி ரேக் கூடக் கூட வெட்டுவது எளிது, விசை குறைவு, சீவல் தடையின்றி ஓடும். ஆனால் விளிம்பு மெலிந்துபோகும், சீக்கிரம் உடையும், சூடும் அந்த மெல்லிய முனையிலேயே தேங்கும். ஆகவே பொருளுக்கேற்ற சமரசம்தான் எல்லாம். அலுமினியம் மென்மையானது, ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு, அதற்கு நிறைய ரேக் கொடுக்கலாம். மென்னெஃகுக்கு நடுத்தரம். வார்ப்பிரும்பு பொடிப்பொடியாக உதிரும், குறைத்துக்கொள்ள வேண்டும். பித்தளைக்கு ஏறக்குறையச் சுழி. காரணம் வேடிக்கையானது: பித்தளையில் நேர்க்குறி ரேக் வைத்தால் கருவி வெட்டுவதற்குப் பதிலாகப் பொருளுக்குள் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு பாய்ந்துவிடும். பித்தளைத் தகட்டில் சாதாரண டிரில்லால் துளையிட்டவர்களுக்குத் தெரியும், கடைசி நொடியில் டிரில் கவ்விக்கொண்டு தகட்டையே சுழற்றும். அனுபவசாலிகள் அரவைக்கல்லில் டிரில்லின் வெட்டும் உதட்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசாகத் தட்டையாக்கிவிடுவார்கள். அந்த ஒரு தேய்ப்பில் ரேக் சுழியாகிவிடுகிறது, டிரில் சாதுவாகிவிடுகிறது.

எதிர்க்குறி எதற்கு என்று மகன் கேட்பான், கேட்க வேண்டும். கார்பைடு, பீங்கான் முனைகள் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எதிர்க்குறி ரேக்கில் வெட்டுவிசை முனையை அழுத்துகிறது, விளிம்பும் தடித்து நிற்கிறது. இன்னொரு லாபம், அப்படிப்பட்ட முனையின் பக்கங்கள் செங்கோணத்தில் இருக்கலாம் என்பதால் ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். விலை என்ன? இயந்திரம் ஆடாமல் நிற்க வேண்டும், மோட்டாருக்கு வலு வேண்டும். பழைய லேத்தில் எதிர்க்குறி முனையை மாட்டினால் அது அலறும். ஒற்றை முனைக் கருவியின் ‘டூல் சிக்னேச்சர்’ என்று ஏழு எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், அமெரிக்க முறையில் முதல் இரண்டு எண்களும் ரேக்தான், பின் ரேக்கும் பக்க ரேக்கும். அதை மனப்பாடம் செய்வதைவிட ஒரு பழைய கருவியைக் கையில் எடுத்து எந்த முகம் எங்கே சரிகிறது என்று தடவிப் பார்ப்பது நல்லது.

பைக் பிரியர்களுக்கு ஒரு வரி. பைக்கில் ரேக் என்றால் முன்புறத் திருப்பு அச்சு செங்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது. பந்தய வகையில் 24 பாகை போல இருக்கும், சட்டென்று திரும்பும். நீண்ட சாலைக்கான குரூசர் வகையில் 30 பாகையைத் தாண்டும், நேராக ஓட சுகம், வளைவில் சோம்பல். சைக்கிள் உலகத்திலோ ரேக் என்றால் ஃபோர்க் முன்னோக்கி வளைந்திருக்கும் தூரம், மில்லிமீட்டரில் சொல்வார்கள். இரண்டு கடைக்காரர்களும் பேசினால் சண்டை வரும்.

சாய்வுக் குடும்பத்தில் நம் கடற்கரைக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார், நிலநடுக்கவியலாளர்களின் ரேக். பூமியின் பிளவு ஒன்றை மூன்று கோணங்களால் விவரிப்பார்கள். பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது முதலாவது. அது எவ்வளவு சரிந்து இறங்குகிறது என்பது இரண்டாவது. மேலே இருக்கும் பாறை அந்தப் பிளவின் முகத்தில் எந்தப் பக்கம் நழுவியது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் ரேக். சுழி அல்லது 180 பாகையை ஒட்டி இருந்தால் பாறைகள் பக்கவாட்டில் உரசிப் போயிருக்கின்றன. 90 பாகையை ஒட்டி இருந்தால் மேற்பாறை மேல்நோக்கி ஏறியிருக்கிறது. கழித்தல் 90 என்றால் கீழே இறங்கியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவில் நடந்தது மேலேறும் வகை. கடல்தரை சில மீட்டர் உயர்ந்து, தன் மேலிருந்த தண்ணீரை அப்படியே தூக்கியது. அந்தத் தண்ணீர்தான் இலங்கையைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் அடித்தது, மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் மீண்டும் ஒன்று. சுனாமி எச்சரிக்கை வந்தது, நம் கடலோர ஊர்களில் பீதி. சில மணி நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள், சொல்லும்படியான அலை வரவில்லை. அரசு பொய்ப்பீதி கிளப்பியது என்று அப்போது திட்டியவர்களை நான் அறிவேன். எச்சரித்தது சரிதான். 8.6 என்பது சாதாரண அளவா? ஆனால் அந்தமுறை பாறைகள் பக்கவாட்டில் நழுவின. கடல்தரை மேலே கீழே பெரிதாக நகராததால் தண்ணீரைத் தூக்க ஆளில்லை. அளவு முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், பாறை எந்தப் பக்கம் நழுவியது என்பது தெரியக் கூடுதல் நேரம் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் மேட்டுக்கு ஏறுவதுதான் புத்தி.

ஒழுக்கங்கெட்டவரைப் பாக்கி வைத்திருந்தேன். அவர் முழுப்பெயர் ‘ரேக்ஹெல்’. நரகத்தையே ரேக்கால் வாரி அலசினாலும் இப்படி ஒருவன் அகப்படமாட்டான் என்று 16-ஆம் நூற்றாண்டில் ஏசிய வசவு அது, அடுத்த நூற்றாண்டில் ‘ரேக்’ என்று சுருங்கியது. அவசரக்காரன் என்று பொருள்பட்ட ‘ராக்கெல்’ என்ற பழைய சொல் திரிந்து அப்படியானது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் குடியும் கூத்துமாகத் திரிந்த பிரபுக்களுக்கு இந்தப் பெயர் பொருந்திப்போனது. ஓவியர் ஹோகார்த் 1730-களில் இப்படி ஓர் இளைஞனின் வீழ்ச்சியை எட்டு ஓவியங்களாகத் தீட்டினார். கஞ்சத் தகப்பனின் சொத்து கைக்கு வருகிறது, தையல்காரர் அளவெடுக்கிறார், பிறகு விருந்து, சூதாட்டம், கடன் சிறை, கடைசியில் பைத்தியக்கார விடுதி. அந்த எட்டும் இன்று லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தொப்பியை ஒருபக்கம் சாய்த்து வைத்த ஒய்யாரத்தை ‘ரேகிஷ்’ என்பார்களே, அதில் இந்த உல்லாசியும் கப்பலின் சாய்ந்த பாய்மரமும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

அயர்லாந்தில் ஒரு ரேக் நண்பர்கள் என்றால் ஏராளமான நண்பர்கள். அதோடு ரேக் முடிந்தது.

ஆனால் நாம் தமிழில் எழுதும்போது நான்காவதாக ஒருவரை உள்ளே விட்டுவிடுகிறோம். செருப்பு ரேக், புத்தக ரேக் என்கிறோமே, அது ஆங்கிலத்தில் ‘ராக்’, வேறு எழுத்துக்கூட்டல், வேறு சொல். நம் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வீட்டில் அதனால் நட்டமில்லை. பட்டறையில் உண்டு. லேத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றினால் கருவியைத் தாங்கிய ‘கேரியேஜ்’ நகர்கிறதே, படுகையின் அடியில் பொருத்திய பற்சட்டத்தில் ஒரு சிறு பற்சக்கரம் உருள்வதால் நடப்பது அது. அந்தப் பற்சட்டம் ‘ராக்’. அதே கேரியேஜின் மேல் மாட்டிய கருவி முனையில் இருப்பது ‘ரேக்’. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் லேத்தின் முன் நிறுத்தி “ரேக் எங்கே, காட்டு” என்று கேட்டால், பற்கள் தெரிகிற இடத்தைக் காட்டாமல் கருவியின் மேல்முகத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.